மங்கையர்க்கரசி, வயது 52, குண்டு எறிதல்

ஒரு ஆளுக்கு நான்கு நிமிஷம், நான் எண்ணிவிட்டேன், அந்தப் பச்சைத் திரைக்குப் பின்னால் போகிறவர்கள் எல்லாரும் நான்கு நிமிஷத்தில் ஒரு தாளோடு வெளியே வந்துவிடுகிறார்கள், நான்கு நிமிஷத்தில் ஒரு முட்டைகூட ஒழுங்காக வேகாது, ஆனால் ஒரு மனுஷியின் காலைப் பற்றி, ஐம்பது வருஷமாக அவள் இழுத்துக்கொண்டு நடந்த காலைப் பற்றி, தெரிந்துகொள்ள வேண்டியதையெல்லாம் தெரிந்துகொண்டுவிடலாம் போலிருக்கிறது. அம்மா உள்ளே போய் ஆறு நிமிஷம் ஆகிறது. ஆறு நல்லதா கெட்டதா தெரியவில்லை. அதிக நேரம் எடுக்கிறார்கள் என்றால் கவனமாகப் பார்க்கிறார்கள், அல்லது சந்தேகப்படுகிறார்கள், அல்லது அம்மா உள்ளே காலைச் சோதிக்கிற பிசியோதெரபிஸ்ட் பெண்ணிடம் உங்களுக்குச் சொந்த ஊர் எது, காலையில சாப்பிட்டீங்களா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள், மூன்றாவதுதான் இருக்கும். நானும் கூடப் போயிருக்க வேண்டும். துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று விதியே இருக்கிறது, அந்த விதிகளை அச்செடுத்து மஞ்சள் கோடு போட்டுப் பையில் வைத்திருக்கிறேன், பன்னிரண்டு பக்கம். "நீ வராதே சுடரு," என்றாள் அம்மா, திரையைப் பிடித்துக்கொண்டு. "நீ வந்தா அந்தப் புள்ளைகிட்ட சண்டை போடுவே." "சண்டை போட மாட்டேன், விளக்குவேன்." "அதைத்தான் சொல்றேன்," என்றுவிட்டுப் போய்விட்டாள். சுடர்க்கொடி என்று பெயர் வைத்துவிட்டு எரியாதே என்று சொன்னால் எப்படி. இப்போது இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில், மாவட்ட விளையாட்டு அரங்கத்தின் தாழ்வாரத்தில், டெட்டால் வாசனையும் பக்கத்து மைதானத்துப் புல் வெட்டிய வாசனையும் கலந்து வர, நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாளைக்கு மாற்றுத்திறனாளிகள் மாவட்டத் தடகளப் போட்டி. அம்மா மூன்று கிலோ குண்டு எறியப் போகிறாள், உட்கார்ந்து. உட்கார்ந்தா நின்றா என்பதைத்தான் உள்ளே முடிவு செய்கிறார்கள். கால் எவ்வளவு செயல்படுகிறது என்று அழுத்திப் பார்த்து எண் போடுவார்கள், எண்ணைக் கூட்டிப் பிரிவு சொல்வார்கள். உட்கார்ந்து எறியும் பிரிவு என்றால் அம்மா எறிவாள், ஐந்தரை மீட்டர், ஒரு தடவை ஆறுகூடத் தாண்டியிருக்கிறாள். நின்று எறியும் பிரிவு என்றால் எறிய மாட்டாள். விழுவாள். அவ்வளவுதான் விஷயம், இரண்டு வயதில் போலியோ வந்த ஒரு இடது கால், ஒரு திரை, ஒரு தாள்.

ஆனால் இந்தத் திரை வரைக்கும் வந்ததே பெரிய கதை, அந்தக் கதையை யாரிடமாவது வாதாடிச் சொல்ல வேண்டும் என்று நாலு மாதமாக எனக்கு நாக்கு அரிக்கிறது. முதலில் மூத்தோர் தடகளத்துக்குத்தான் விண்ணப்பம் கொடுக்கப் போனோம், முப்பத்தைந்து வயதுக்கு மேல் யாரும் கலந்துகொள்ளலாம் என்று சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள், யாரும் என்று கொட்டை எழுத்தில். அங்கே வெள்ளைத் தொப்பி போட்டிருந்த ஒருவர், எழுபது வயது இருக்கும், தினமும் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவராம், அதைச் சொல்லாமல் அவரால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை, அம்மாவின் நடையை வாசலிலிருந்தே பார்த்துவிட்டு மிகவும் அன்பாகச் சொன்னார், "இங்க எல்லாம் நார்மலா இருக்கிறவங்கம்மா, உங்களுக்குன்னு தனியா நடத்துறாங்களே, அங்க போங்க." சரி என்று இங்கே வந்தால் மேஜையில் இருந்தவர் படிவத்தை என்னிடம் நீட்டி என் இரண்டு காலையும் மாறி மாறிப் பார்க்கிறார். எனக்கில்லை சார், அம்மாவுக்கு. "அம்மாவுக்கா? வயசு?" ஐம்பத்திரண்டு. அவர் பேனாவை மூடிவிட்டார். "இதுல இருபதுக்குக் கீழே, இருபதுக்கு மேலே, ரெண்டே பிரிவுதான். இருபது வயசுப் பொண்ணுங்களோட போட்டி போடணும். மூத்தோர்னு ஒண்ணு நடத்துறாங்களே, அங்க போகக் கூடாதா?" அன்றைக்கு நான் பேசினேன். அங்கே போனால் கால் சரியில்லை என்கிறார்கள், இங்கே வந்தால் வயது சரியில்லை என்கிறீர்கள், கால் சரியில்லாதவர்களுக்கு வயதே ஆகாது என்று நினைத்துக்கொண்டீர்களா, அல்லது வயது ஆனவர்களுக்குக் கால் பழுதாக இருக்க உரிமை கிடையாதா, சார், ஐம்பத்திரண்டு வயதில் குண்டு எறிய ஆசைப்படுகிற போலியோக்காரிக்கு இந்த மாவட்டத்தில் எந்த வாசல். அவர் பாவம், டீ குடித்துக்கொண்டிருந்தார், டீ ஆறிவிட்டது. அம்மா என் முழங்கையை நிமிண்டிவிட்டு அவரிடம், "இருபது வயசுப் பொண்ணுங்களோடயே எறியுறேன் சார், தோத்தா என்ன, அதுங்களுக்கு ஒரு சந்தோஷம்," என்றாள். அவர் சிரித்துப் பேனாவைத் திறந்தார். என் வாதம் ஜெயித்ததா அம்மாவின் சிரிப்பு ஜெயித்ததா என்று இன்னும் எனக்குத் தீரவில்லை. சமூகவியல் முதுகலை இரண்டாம் ஆண்டில் இதே விஷயத்தைப் பற்றித்தான் கருத்தரங்கில் கட்டுரை படித்தேன், விளையாட்டில் பங்கேற்பும் விலக்கமும், பதினெட்டு அட்டவணை, முதல் பரிசு. பதினெட்டு அட்டவணையிலும் அம்மா இல்லை. அப்போது அம்மா குண்டு எறிய ஆரம்பித்திருக்கவில்லை, அதனால் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்ளலாம்தான்.

"என்ன வக்கீலம்மா, வாய் முணுமுணுன்னு அசையுது, யாருக்குத் தூக்குத் தண்டனை?" என்றாள் மாலைக்கா, சக்கர நாற்காலியை என் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து. ஜெபமாலை என்று முழுப் பெயர், முப்பத்து நாலு வயது, முதுகுத்தண்டில் அடிபட்டவள், ஈட்டி எறிகிறவள், போன வருஷமே பிரிவு முடிவாகிவிட்டதால் இன்றைக்கு வேடிக்கை பார்க்க வந்திருக்கிறாள். மாற்றுத்திறனாளிகளுக்கான இந்த அறைக்கு மூன்று படி, சாய்தளம் கிடையாது, காலையில் நான்கு தொண்டர்கள் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள், நான் அதற்கும் ஒரு புகார் எழுத ஆரம்பித்தேன், அவளோ இரண்டு பக்கமும் கையை அசைத்து ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டே வந்தாள், "சப்பரத்துல வர்ற மாதா மாதிரி இருந்துச்சாடி?" என்று என்னிடம் கேட்டாள். இவள்தான் அம்மாவைக் கண்டுபிடித்தவள். பேருந்துச் சலுகை அட்டை புதுப்பிக்கிற முகாமில் குடிதண்ணீர் கேன் காலியாகி எல்லாரும் ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது அம்மா எழுந்து போய் இருபது லிட்டர் கேனை ஒரு கையால் அணைத்துத் தாங்கியில் ஏற்றிவிட்டு ஒன்றும் நடக்காத மாதிரி வந்து உட்கார்ந்தாளாம். முப்பது வருஷம் அரசுப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர், அமில ஜாடிகளைத் தூக்கித் தூக்கி வந்த தோள். ஜெபமாலை நேராக வந்து, "அக்கா, உங்க தோளைக் கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள், அம்மா பயந்துபோய் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கப்புறம் ஐந்து மாதம், சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டபின், காலி மைதானத்தில் முளை அடித்துக் கயிற்றால் கட்டிய இரும்பு முக்காலி, இடுப்புக்கு ஒரு வார், தொடைக்கு ஒரு வார், கழுத்தோடு ஒட்டிய குண்டு, அம்மாவின் தொண்டையிலிருந்து நான் அதுவரை கேட்டேயிராத ஒரு சத்தம், ஹூம் என்று, அடிவயிற்றிலிருந்து. குண்டு மண்ணில் விழுகிற சத்தம் அதைவிடச் சின்னது. அப்பா இரண்டாவது நாளே வந்து பார்த்துவிட்டு, "இனிமே வீட்ல நான் எதுத்துப் பேசல தாயே," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். "அம்மா நடிக்க மாட்டாளே மாலைக்கா?" என்றேன். "எதுக்கு நடிக்கணும்? நெஜமாவே கால் இல்லாத மாதிரிதானே." "அதில்ல. கால் இருக்கிற மாதிரி நடிச்சுட்டா?" மாலைக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள், சிரிக்கவில்லை. "அப்படிச் செய்வாங்களா?" என்றாள்.

செய்வாள். வேறு எதையும் அவள் செய்து நான் பார்த்ததில்லை என்பதுதான் என் பயம், காலையிலிருந்து வயிற்றுக்குள் எலுமிச்சம்பழம் மாதிரி உருள்கிற பயம், இது ஏன் எலுமிச்சம்பழம் என்று தோன்றுகிறது, வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். அம்மா படியேறும்போது யாரும் பின்னால் இருக்கக் கூடாது, நீங்க முன்னாடி போங்க, நான் பூட்டிட்டு வரேன் என்பாள், பூட்ட வேண்டிய கதவே இல்லாத இடங்களில்கூட. கல்யாண வீட்டில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவாள், கடைசி ஆளாக எழுந்திருப்பாள், நடுவில் ஐந்நூறு பேர் அவளை ஒரு கால் நன்றாக இருக்கிற பெண்ணாகவே பார்த்துவிட்டுப் போவார்கள். புடவைக் கொசுவத்தை இடது பக்கம் தள்ளிச் செருகுவாள், அந்தக் கொசுவத்துக்குள் இடது கை இருக்கும், ஒவ்வொரு அடிக்கும் அந்தக் கை தொடையைப் பின்னால் தள்ளும், அப்படித் தள்ளாவிட்டால் முழங்கால் மடங்கிவிடும், பார்க்கிறவர்களுக்குப் புடவையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். இந்தப் போட்டிக்கென்று முதல் முறையாக டிராக் பேண்ட் வாங்கியபோது கொசுவம் இல்லையே என்று இரண்டு நாள் தவித்தாள், பிறகு தையல் மிஷினில் உட்கார்ந்து பேண்ட்டின் இடது பாக்கெட்டை ஒரு சாண் ஆழமாக்கிக்கொண்டாள், இப்போது கை பாக்கெட்டில் இருக்கும், உள்ளேயிருந்து தள்ளும், காலேஜ் பையன் மாதிரி ஸ்டைலாக நடக்கிறாள் என்று மாலைக்கா கேலி பண்ணினாள். இவ்வளவு வருஷமாக இவ்வளவு சாமர்த்தியமாக மறைத்த ஒன்றை யாரோ ஒரு பெண் வா, படு, காட்டு என்றால் காட்டிவிட முடியுமா. நானே பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் அதே வீட்டில் இருந்து, அந்தக் காலை, முழங்காலுக்கு மேல் அல்ல, கணுக்காலுக்கு மேல் நான் பார்த்ததில்லை, குளித்துவிட்டு வரும்போதே கட்டிக்கொண்டு வருவாள், காய்ச்சலில் படுத்திருந்தால்கூடப் போர்வை விலகாது. காய்ச்சல். அங்கேதான் வந்து நிற்கிறது, எந்தப் பக்கம் போனாலும் சுற்றிக்கொண்டு அங்கேயே வந்து நிற்கிறது. நாலாம் வகுப்பு, பள்ளி விளையாட்டு விழா, அம்மாக்களுக்கு ஸ்பூனில் எலுமிச்சம்பழம் வைத்து நடக்கிற போட்டி, எல்லா அம்மாவும் வர வேண்டும் என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நான் வீட்டில் கொடுக்கவில்லை. மிஸ் கேட்டபோது அம்மாவுக்குக் காய்ச்சல் மிஸ் என்றேன். மற்ற அம்மாக்கள் ஸ்பூனைக் கையில் நீட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டு பழத்தைக் கீழே போட்டுக்கொண்டு நடந்தார்கள், நான் கை தட்டினேன், நன்றாகத் தட்டினேன். வெள்ளைத் தொப்பிக்காரர் சொன்னதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம். அவர் வாயால் சொன்னார், நான் ஒரு சீட்டை மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தேன். ஒன்பது வயது என்று வாதாடலாம். வாதாடத்தான் எனக்கு நன்றாக வருமே.

மின்விசிறிக் காற்றில் திரை ஒரு முறை விலகி அம்மாவின் செருப்பு தெரிந்தது, இடது செருப்பு, ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தது, பிறகு திரை மூடிக்கொண்டது, பிறகு திரை முழுவதும் விலகி அம்மாவே வந்துவிட்டாள். பதினோரு நிமிஷம். முகம் வேர்த்திருந்தது, ஆனால் என்ன ஒரு முகம், ஆய்வக ஆய்வுக்கு வந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போன அன்றைக்கு வருமே அந்த முகம். "என்னமோ பயமுறுத்துனீங்களேடி," என்றாள், கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு எங்களை நோக்கி ஸ்டைலாக நடந்துவந்து. "நல்ல புள்ள அது. தூக்குங்கன்னா, தூக்குனேன். நீட்டுங்கன்னா, நீட்டுனேன். தள்ளுங்கன்னா, விடுவேனா. பாரு, அஞ்சுக்கு மூணு போட்டிருக்கு. ஒரு எடத்துல நாலுகூடப் போட்டிருக்கு." தாளை என்னிடம் நீட்டினாள், செய்முறைத் தேர்வில் நல்ல மார்க் எடுத்த தன் மாணவிகளின் தாளை எனக்குக் காட்டுவாளே அதே மாதிரி. முப்பது வருஷம் மார்க் போடுகிற இடத்தில் இருந்தவள். எண் கூடினால் நல்லது என்பதைத் தவிர வேறு ஒரு கணக்கு உலகத்தில் இருக்க முடியும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள், நான் சொன்னேனா, பன்னிரண்டு பக்கத்தை மஞ்சளாக்கினேனே, அவளை உட்கார வைத்து, அம்மா, இங்கே முடியாததை முடியாது என்று காட்ட வேண்டும் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னேனா. சொல்ல வெட்கம். அவளுக்கு முன்னால் கால் என்ற சொல்லையே நான் உச்சரித்ததில்லை. "எப்படித் தூக்குனீங்க அக்கா?" என்று மாலைக்கா மெதுவாகக் கேட்டாள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டாப்ஸ் நீளமா இருக்குல்ல, அதுக்கடியில கையைக் குடுத்து ஒரு எம்பு. அந்தப் புள்ள எழுதறதுக்குக் குனியும்ல, அப்ப. நீட்டச் சொன்னப்ப இடுப்பால ஒரு தள்ளு." ஒரு திருட்டை ஒத்துக்கொள்கிற மாதிரி இல்லை, ஒரு சமையல் குறிப்பைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் தாளின் கடைசி வரியைப் படித்தேன். பிரிவு: நின்று எறிதல். கீழே விளையாட்டு வீரரின் கையொப்பம் என்று ஒரு கோடு, இன்னும் காலியாக.

நான் வாசித்துக் காட்டினேன். அம்மா அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். "நின்னா?" என்றாள். "நின்னு நான் எப்படி எறியறது? முக்காலி?" "முக்காலி கிடையாதும்மா. கால் நல்லா வேலை செய்யுதுன்னு எழுதியிருக்காங்க." அந்த வார்த்தைகள் அவள் காதில் விழுந்ததையும் அவள் முகத்தில் ஒரு கணம், ஒரே கணம், சந்தோஷம் வந்ததையும் நான் பார்த்தேன், பிறகு அது என்ன வார்த்தை என்று புரிந்து முகம் தாளுக்குள் போய்விட்டது. "மேஜையில கேட்டுட்டேன்," என்றாள் மாலைக்கா, அவள் நாற்காலி அதற்குள் போய்த் திரும்பியிருந்தது, "கையெழுத்துப் போடாம குடுத்தா மறுபடி பாப்பாங்களாம். ஒரு மணிக்குப் பட்டியல் ஒட்டிட்டா ஒண்ணும் பண்ண முடியாது." சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு நாற்பது. எழுந்துவிட்டேன், பையிலிருந்து பன்னிரண்டு பக்கமும் கையில் வந்துவிட்டது, ஆளுக்கு நான்கு நிமிஷம் என்று ஓட்டினால் எப்படிச் சார், கையை எங்கே வைத்திருக்கிறாள் என்று பார்க்கக்கூட நேரமில்லாமல் எப்படிச் சார், எல்லாம் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. "உக்காரு," என்றாள் அம்மா. "அந்தப் புள்ள என்ன பண்ணும்? ஏமாத்துனது நானு." "ஏமாத்தலம்மா, நீ..." "உள்ள போயி என்னத்தச் சொல்லச் சொல்றே? பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி நடந்து காட்டுனேன், வேலைக்கு எடுத்தவங்க முன்னாடி நடந்து காட்டுனேன், நல்லாத்தான் நடக்குறாள்னு சொல்ல வெச்சேன். இப்ப போயி, இல்ல தாயி, எனக்கு ஒண்ணும் முடியாது, நல்லாப் பாத்து எழுதுன்னு கேக்கணுமா? வேண்டாம் விடு. வீட்டுக்குப் போலாம். அஞ்சு மாசம் எறிஞ்சாச்சுல்ல, போதும்." என்னிடம் நாற்பது பதில் இருந்தது. உரிமை என்று தொடங்குவது ஒன்று, சமத்துவம் என்று தொடங்குவது ஒன்று, எல்லாமே முதல் பரிசு வாங்கக் கூடியவை. ஒன்றுகூட வாயில் ஏறவில்லை, ஏறியது வேறு. "நாலாங்கிளாஸ்ல அம்மாக்களுக்கு ஸ்பூன் ரேஸ் வெச்சாங்க," என்றேன். "நான் உன்கிட்ட சீட்டைக் காட்டவே இல்ல. உனக்குக் காய்ச்சல்னு மிஸ்கிட்ட பொய் சொன்னேன்." தாழ்வாரத்தில் யாரோ ஒரு ஊன்றுகோல் டக் டக்கென்று கடந்து போனது. அம்மா தாளை நாலாக மடித்துக்கொண்டிருந்தாள். "தெரியும்," என்றாள். "உங்க மிஸ்ஸு மறுநாள் வழியில பாத்துட்டு, காய்ச்சல் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. இப்பப் பரவாயில்லன்னு சொன்னேன்." பதின்மூன்று வருஷம். நான் மறைத்ததை அவள் மறைத்து வைத்திருந்திருக்கிறாள். "நடந்திருப்பியாம்மா, சீட்டைக் காட்டியிருந்தா?" அம்மா யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள், என்னைச் சமாதானப்படுத்த அல்ல. "பழம் விழுந்திருக்காது," என்றாள். "எனக்குக் கை ஆடாது. நடந்து முடிக்கத்தான் சாயங்காலம் ஆயிருக்கும்." மாலைக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள், அல்லது சிரிக்கவில்லை. அம்மா மடித்த தாளைப் பிரித்தாள், தொடையில் வைத்து நீவினாள், என் தோளைப் பிடித்து எழுந்தாள். "வா," என்றாள். "நீயும் வா. ஆனா வாயத் திறக்கக் கூடாது."

திரைக்குப் பின்னால் ஒரு இரும்புக் கட்டில், நீல ரெக்ஸின், ஜன்னல், ஜன்னலில் மைதானம், அங்கே யாரோ சுண்ணாம்பால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் பெண் என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருக்கலாம், முகக்கவசத்துக்கு மேல் கண் சோர்ந்திருந்தது, அறுபது கால்களைப் பார்த்த கண், இவளோடா நான் சண்டை போடுவதாக இருந்தேன். "என்னம்மா, எதாவது விட்டுப்போச்சா?" "நான் கையக் குடுத்துத் தூக்கிட்டேன் தாயி," என்றாள் அம்மா. "அடியில கையக் குடுத்து. நீ குனிஞ்சப்ப." அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன், கோபப்பட்டால் விளக்கலாம் என்று என் வாய் தானாகத் தயாரானது. அவள், "எங்க அம்மாவும் கண்ணு டெஸ்டுக்குப் போனா எழுத்தை முன்னாடியே மனப்பாடம் பண்ணிட்டுப் போவாங்க," என்றாள். "படுங்க. பேண்ட்டை மேல ஏத்திக்கலாமா? கையை ரெண்டையும் தலைக்கு மேல வெச்சுக்கோங்க." அம்மா என்னைப் பார்த்தாள். திரும்பிக்கொள்ளவா என்று நான் கண்ணால் கேட்டேன். அவள் பேண்ட்டைச் சுருட்டத் தொடங்கினாள், கணுக்கால், அதற்கு மேல், அதற்கு மேல், நான் ஒருபோதும் பார்க்காத இடங்கள் வரிசையாக வந்தன, நான் என்னவோ கற்பனை செய்து வைத்திருந்தேன், பயங்கரமாக, கருகிய மாதிரி, முறுக்கின மாதிரி, இருபத்திரண்டு வருஷக் கற்பனை, ஆனால் அது ஒரு சின்னப் பெண்ணின் கால், அவ்வளவுதான், பத்து வயதுப் பெண்ணுடையது மாதிரி மெல்லிசாக, வெயிலே படாததால் அம்மாவின் உடம்பிலேயே நிறமான இடமாக, முட்டியில் மட்டும் தழும்பு, விழுந்து விழுந்து எழுந்த தழும்பு, அம்மாவோடு சேர்ந்து வயதாகாமல் உள்ளேயே இருந்துவிட்ட ஒன்று. எனக்குத் தொட வேண்டும் போலிருந்தது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் சொன்னாள், தொடக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனாலும் தொடவில்லை, கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். "தூக்குங்கம்மா." அம்மாவின் இரண்டு கைகளும் தலைக்கு மேல் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்தன, அந்த இடது கை தப்பித்து ஓடிவரத் துடிப்பது விரல் வெளுத்ததில் தெரிந்தது, வலது கை அதை விடவில்லை. வயிறு இறுகியது, கழுத்து நரம்பு புடைத்தது, மைதானத்தில் கேட்குமே அந்த ஹூம் தொண்டை வரைக்கும் வந்தது, தொடையில் எங்கோ ஆழத்தில் ஒரு சின்னத் துடிப்பு மட்டும், மீன் வால் மாதிரி, பிறகு அதுவும் இல்லை. கால் ரெக்ஸின் மேல் அப்படியே கிடந்தது. அந்தப் பெண் குனியவில்லை, அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள், ஐந்து நொடி, பத்து நொடி, யாருக்கும் அவசரமில்லை, பிறகு எழுதினாள், எழுதிக்கொண்டே, அறுபது பேரிடம் சொல்லிப் பழகிய வாயால், "சரி, மெதுவா எறக்குங்க," என்றாள். அம்மா தலையைத் தூக்கித் தன் காலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். "ஏறவே இல்லியே தாயி," என்றாள், "எங்கேருந்து எறக்குறது?" என்று கேட்டுவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள், கட்டில் அதிர, கைகளைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு.